துணிப் பட்டையும் பிரியும் உலோகக் கண்ணியும்: தோட்டா ஊட்டும் இரு முறைகள்

1884இல் ஹிராம் மாக்சிம் உருவாக்கிய இயந்திரத் துப்பாக்கி துணிப் பட்டையிலிருந்தே தோட்டாக்களை இழுத்துக்கொண்டது. பின்னர் வந்த விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியும் 250 தோட்டாக்கள் கொண்ட அத்தகைய பட்டையையே நம்பியிருந்தது. துணிப் பட்டை எடை குறைந்தது, சத்தமின்றி மடிந்து பெட்டிக்குள் அடங்கும், சுட்டு முடித்தபின் அதையே மீண்டும் நிரப்பலாம். ஆனால் அதன் குறை இழையிலேயே இருக்கிறது: ஈரம் பட்டால் துணி இறுகித் தோட்டாவைப் பற்றிக்கொள்ளும், நாட்பட்டால் தளர்ந்து தோட்டாவை நழுவவிடும், இரண்டுமே துப்பாக்கி பாதியில் அடைத்து நிற்பதில் கொண்டுபோய் விடக்கூடும்.

பிரியும் உலோகக் கண்ணியில் தோட்டாவே ஆணியாக நின்று அடுத்தடுத்த இரு கண்ணிகளைக் கோத்துப் பிடிக்கிறது. அது உருவப்பட்டதும் கண்ணி தனியே கழன்று வெளியே விழுகிறது. எத்தனை நேர்த்தியான சிந்தனை இது! முதல் உலகப்போரில் விமானத் துப்பாக்கிகள் இம்முறைக்கு மாறியதற்குக் காரணம் உண்டு: காலியான துணிப் பட்டை பறக்கும் வேகக் காற்றில் அலைந்து சிக்கலை உண்டாக்கியது. 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கான எம்13 கண்ணியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இதற்கும் விலை உண்டு. சிதறும் கண்ணிகளைப் பொறுக்கி மீண்டும் கோப்பது களத்தில் எளிதன்று. வளைந்த ஒரு கண்ணியே ஊட்டத்தைத் தடுத்துவிடும். ஜெர்மனியின் எம்ஜி 34 இயந்திரத் துப்பாக்கி பயன்படுத்திய பிரியாத எஃகுப் பட்டை, துணிப் பட்டைக்கும் பிரியும் கண்ணிக்கும் இடைப்பட்டது. ஆயினும் நடந்தபடியோ பறந்தபடியோ சுட வேண்டிய துப்பாக்கிக்குப் பிரியும் கண்ணியே உகந்தது என்பேன். ஏனெனில் அதில் தொங்கிச் சிக்குவதற்குக் காலிப் பட்டை எஞ்சுவதில்லை.