ஓடைக் கரையில் மரமா, விளிம்புவரை சோளமா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் உன்னிச்சை, புல்லுமலைப் பக்கத்துக் காட்டோடையில் மருத மரத்தடிக் கல்லொன்றைப் புரட்டினால், மேஃபிளை என்ற பூச்சியின் நீர்வாழ் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்: வயிற்றோரம் செவுள், பின்னால் இரண்டு மூன்று வால் இழைகள். விழும் சருகுதான் இந்த ஓடையின் சோறு. அதை அரித்துத் தின்னும் பூச்சிகளை நம்பி தும்பிக் குஞ்சும் வாழும். நிழலில் நீர் சூடேறாது. கோடையில் ஓட்டம் நின்றாலும் குட்டைகள் மிஞ்சும்.

விளிம்புவரை சோளம் போட்ட ஓடையில் நிலைமை வேறு. ஒக்டோபர், நவம்பர் முதல் மழைக்கு உழுத மண் நேரே இறங்கி, கல்லிடுக்குகளை அடைத்துவிடும். பெரிய சேதம் இதுதான். பயிருக்கு அடிக்கும் மருந்தை மட்டும் குறை சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒளிய இடமும் ஒக்சிசனும் இழந்த செவுள் பூச்சிகள் போய், ஒக்சிசன் குறைந்த சேற்றையும் தாங்கும் சிவப்புப் புழுக்கள் பெருகும். யூரியா கரைந்து வந்தால், வெயிலும் சேர்ந்து பாசி படரும். மருந்துத் தாங்கியை ஓடையில் கழுவுவது தனிக் கேடு.

இரண்டையும் ஒப்பிட, வேகமாக ஓடும் ஆழமற்ற இடத்தையே இரு ஓடைகளிலும் எடுங்கள். நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் வலையைப் பிடித்து, அதற்கு மேற்பக்கமுள்ள கற்களை 30 விநாடி காலால் கிளறி, வெள்ளைப் பேசினில் கொட்டிப் பாருங்கள். மழை வெள்ளத்துக்கு அடுத்த நாள் வேண்டாம். பூச்சிகள் அடித்துச் செல்லப்பட்டிருக்கும்.

இரு கரையிலும் 10 மீட்டர் அகலத்தை மரங்களுக்கு விட்டால், 100 மீட்டர் ஓடைக்கு அரை ஏக்கர் போகும். விடலாம். ஆனால் அந்த மரக்கரையைக் குறுக்கே வெட்டி வாய்க்கால் விட்டால் மரங்கள் நின்றும் பயனில்லை; சேறு வாய்க்கால் வழியே வந்துவிடும்.