இருபது வருடத்துக்கு மேலாக ரா பார்க்கிறேன்: சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்காதீர்கள்

வாரா வாரம் வரும் அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சியான மண்டே நைட் ராவை நான் பார்க்கத் தொடங்கியது 2002இல். அதை நடத்தும் நிறுவனமான டபிள்யூடபிள்யூஎஃப் தன் பெயரை டபிள்யூடபிள்யூஇ என்று மாற்றிக்கொண்ட வருடம். அப்போது பள்ளிக்கூடப் பையன். இப்போதும் வாரா வாரம் உட்கார்ந்தால் வீட்டில் யாராவது எட்டிப்பார்த்து, "இன்னுமா இதைப் பார்க்கிறே? எல்லாம் நடிப்புடா" என்பார்கள். தெரியும். அந்த நிறுவனமே 1989இல் நியூ ஜெர்சி மாநிலச் செனட்டில் இது பொழுதுபோக்குதான், நிஜப் போட்டி இல்லை என்று சொல்லியாயிற்று. யார் ஜெயிப்பது, யார் நாற்காலியால் அடி வாங்குவது எல்லாம் எழுதி வைத்ததுதான். டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் என்ன கத்தும் என்பதை மட்டும் யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. நான் விடாமல் பார்ப்பது அதற்காகத்தான்.

2017 ஏப்ரல் 3, ஆர்லாண்டோவில் நடந்த ராவைச் சொல்ல வேண்டும். முந்தின நாள் ரெஸில்மேனியாவில், அதாவது வருடத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சியில், ரோமன் ரெய்ன்ஸ் அண்டர்டேக்கரைத் தோற்கடித்திருந்தார். மறுநாள் ரிங் நடுவில் வந்து நிற்கிறார். மைக்கை வாய்க்குக் கொண்டுபோகிறார், எதிர்ப்புக் கூச்சல் எழும்புகிறது, இறக்குகிறார். அடங்குகிற மாதிரி இருக்கும்போது மறுபடி தூக்குகிறார், மறுபடி கூச்சல். கிட்டத்தட்ட பத்து நிமிடம் இதேதான். ஆள் கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. முகத்தில் லேசான ஒரு சிரிப்பு மட்டும். ரிங்கைத் தன் யார்டு, அதாவது தன் வீட்டு முற்றம், என்று சொல்லிவந்தவர் அண்டர்டேக்கர். 'இனி இது என் யார்டு' என்று ஒரே ஒரு வரி சொல்லி மைக்கைப் போட்டுவிட்டு ரெய்ன்ஸ் போய்விட்டார். ஒரு அடிகூட விழவில்லை. நான் பார்த்த ராக்களில் முதல் மூன்றுக்குள் அதை வைப்பேன்.

ரெய்ன்ஸ் மேல் அவ்வளவு வெறுப்பு ஏன் என்று கேட்டால், ஜான் சீனாவுக்குப் பிறகு இவர்தான் ஹீரோ, கைதட்டுங்கள் என்று கதை எழுதுபவர்கள் வருடக்கணக்கில் திணித்ததுதான். ரசிகர்கள் ஹீல் (வில்லன்) ஆக்கு, ஹீல் ஆக்கு என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். 2020 ஆகஸ்டில்தான் அது நடந்தது. வில்லனாகத் திரும்பி வந்து, அதே நிறுவனத்தின் இன்னொரு வாராந்திர நிகழ்ச்சியான ஸ்மாக்டவுனில் 1,316 நாள் சாம்பியனாக இருந்தார். கூவிய அதே ஜனம் ஒற்றை விரலைத் தூக்கி வரவேற்றது. மூன்று வருடம் முன்னாலேயே கேட்டிருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

ரசிகர்கள் பேச்சைக் கேட்ட கதையும் இருக்கிறது. 2014 ராயல் ரம்பிளில், முப்பது பேர் ஒவ்வொருவராக ரிங்குக்குள் வந்து கடைசிவரை நிற்பவர் ஜெயிக்கும் போட்டியில், எல்லோரும் எதிர்பார்த்தது டேனியல் பிரையனை. 30ஆவது ஆளாக ரே மிஸ்டீரியோ ஓடி வந்தார். யாரும் வெறுக்காத மனிதர், பாவம், அவரையே கூவினார்கள். கடைசி இரண்டு பேராக பட்டிஸ்டாவும் ரெய்ன்ஸும் மிஞ்ச, பட்டிஸ்டா ஜெயிக்கக் கூடாது என்பதற்காக அரங்கமே ரெய்ன்ஸுக்குக் கத்தியது! (மறு வருடம் அதே போட்டியில் ரெய்ன்ஸ் ஜெயித்தபோது அவரையே கூவினார்கள். ரசிகன் நியாயஸ்தன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.) சரி, மார்ச் 10 மெம்பிஸ் ராவில் பிரையன் சட்டை போட்ட ஒரு கூட்டம் ரிங்குக்குள் நிரம்பி, வெளியேற மாட்டோம் என்று உட்கார்ந்துகொண்டது. நிறுவன நிர்வாகி ட்ரிபிள் எச் இறங்கி வந்து ரெஸில்மேனியாவில் வாய்ப்புக் கொடுத்தார். அந்த உட்கார்ந்த போராட்டமும் ஸ்டோரிலைன்தான். ஆனால் அந்த ஸ்டோரிலைனை எழுத வைத்தது ரம்பிள் அன்று வந்த கூச்சல். ஏப்ரல் 6இல் பிரையன் ஒரே இரவில் இரண்டு போட்டி ஜெயித்து சாம்பியன் ஆனார்.

கூட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 மார்ச்சில் பார்த்தோம். கொரோனா காலத்து முதல் ரா, காலி நாற்காலிகளுக்கு முன்னால். ஸ்டோன் கோல்டு ஸ்டீவ் ஆஸ்டின் வருகிறார். அவர் ஒன்று கேட்டால் அரங்கமே பதில் கத்தும், அதுதான் அவருடைய மொத்தப் பாணியும். அன்று கேட்டார், பதில் சொல்ல ஆள் இல்லை. சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எல்.இ.டி. திரைகளில் ரசிகர்களின் முகங்களை வைத்துப் பதிவுசெய்த கூச்சலைக் கலந்தார்கள். ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை. ஆனால் ஹீல் வந்தால் அளவாகக் கூவி, ஹீரோ வந்தால் அளவாகக் கைதட்டி, சொன்ன பேச்சு கேட்கிற கூட்டம் அது. அதில் என்ன சுவாரசியம்?

குறை என்றால் பல வருடம் இருந்த நீளம். 1993இல் ஒரு மணி நேரமாகத் தொடங்கியது, 1997இல் இரண்டு, 2012 ஜூலையில் ஆயிரமாவது எபிசோடோடு மூன்று. மூன்றாவது மணி நேரத்தில் கூட்டமே களைத்துப்போவது காதில் கேட்டது. நல்ல போட்டிகூட அந்த நேரத்தில் சிக்கினால் செத்துப்போனது. நான் பல வருடம் அந்தப் பகுதியை ஓட்டிவிட்டுத்தான் பார்த்தேன், இழந்தது அதிகம் இல்லை. பெண்கள் போட்டிகள் மட்டும் நன்றாகவே முன்னேறியிருக்கின்றன. 2015 பிப்ரவரியில் அரை நிமிடத்தில் முடிந்த ஒரு பெண்கள் டேக் போட்டியை (இரண்டு பேர் கொண்ட அணிகள் மோதுவது) பார்த்து ரசிகர்கள் கொதித்தார்கள். 2019 ரெஸில்மேனியாவின் கடைசிப் போட்டியே பெண்களுடையது.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் வாரா வாரம் தொடர வேண்டியதில்லை. ரெஸில்மேனியாவுக்கு மறுநாள் ராவை மட்டும் பாருங்கள், எந்த வருடமானாலும் சரி. முதலில் 2013 ஏப்ரல் 8. டால்ஃப் ஸிக்லர் ஓடிவந்து சாம்பியன் பெல்ட்டைப் பறிக்கும்போது எழும் சத்தத்தைக் கேளுங்கள். அதே இரவு ஆர்ட்டன், ஷேமஸ் போட்டி போரடிக்கிறது என்று கூட்டம் வர்ணனையாளர்கள் பெயரைக் கத்தி, அதுவும் தீர்ந்து ரெஃப்ரி பெயரைக் கத்தும். ரெஃப்ரி முகத்தைப் பாருங்கள்.