ரிவர்ஸ் சென்சார் மாற்றுகிறேன் என்று 14,800 ரூபாய் வாங்கிப் போய்விட்டான் – பெங்களூரில் கார் வைத்திருப்பவர்கள் கவனம்

பதினாலாயிரத்து எண்ணூறு ரூபாய். நேற்று சாயங்காலம்தான் முழு விஷயமும் தெரிந்தது. இன்னும் மனசு ஆறவில்லை. அல்சூர், முருகேஷ்பாளையா, லிங்கராஜபுரம் பக்கம் இருக்கும் நம்மவர்கள் கட்டாயம் படியுங்கள். தமிழ் பேசித்தான் அந்த மெக்கானிக் என்னை மடக்கினான்.

என்னுடையது 2020 மாடல் டீசல் எஸ்யூவி. பின் பம்பரில் கம்பெனியே பொருத்திய நாலு சென்சார். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஏதாவது நெருங்கினால் பீப் அடித்துச் சொல்லும். போன மாதம் மழையில் ஹெப்பாள் சர்வீஸ் ரோட்டில் தேங்கி நின்ற தண்ணீருக்குள் ஓட்டி வந்தேன். மறுநாளிலிருந்து தொல்லை ஆரம்பித்தது. ரிவர்ஸ் போட்டதும் நீளமாக ஒரு பீப். சில நாள் பின்னால் ஒன்றுமே இல்லாதபோதும் விடாமல் கத்தும். வெயில் அடித்தால் சரியாகிவிடும், மழை பெய்தால் மறுபடி கத்தும். ஷோரூமில் கேட்டேன், பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். சரி என்று, வீட்டு வாசலுக்கே மெக்கானிக்கை அனுப்பும் ஆப் ஒன்றில் பதிவு செய்தேன். பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். வந்து பார்க்க 299 ரூபாய், அதை ஆப்பிலேயே கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தான். ஆப்பின் பெயர் போட்ட டீ-சட்டை. முதலில் கன்னடத்தில்தான் பேசினான். டேஷ்போர்டில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா தமிழா? நான் கிருஷ்ணகிரிண்ணா" என்றான். என் மனைவிக்கும் அதே பக்கம், காவேரிப்பட்டினம். அவள் உடனே கீழே காபி கொண்டுவந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். காருக்குள் உட்காரும் முன் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறினான். இத்தனை வருஷத்தில் எந்த மெக்கானிக்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். நம்ம ஊர்ப் பையன், மரியாதை தெரிந்தவன் என்று தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு அவன் சொன்ன எதையும் நான் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஸ்கேனரைச் செருகி, அவன் போனில் சிவப்பு எழுத்தில் நாலு வரி காட்டினான். "சென்சாரை இயக்குற மாட்யூலே போயிடுச்சுண்ணா. நாலு சென்சாரும் சேர்ந்து போயிருக்கு. ஷோரூம் போனா இருபத்தெட்டாயிரம் ஆக்குவாங்க. ஒரிஜினலே 14,800க்கு நான் போட்டுத் தரேன். ஆப்புல போட்டா கமிஷன் ஏறும், நேரா என் நம்பருக்கு அனுப்பிடுங்க." ஜேசி ரோட்டில் போய் வாங்க வேண்டும், பணம் முதலிலேயே வேண்டும் என்றான். 14,800 ரூபாயும் அங்கேயே நின்று அனுப்பினேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தான். "வெயில்ல நிக்காதீங்கண்ணா, மேல போங்க, முடிஞ்சதும் கூப்பிடுறேன்." நானும் மேலே போய்விட்டேன்.

முக்கால் மணி நேரத்தில் கூப்பிட்டான். ரிவர்ஸ் போட்டுக் காட்டினான். சத்தமே இல்லை. "பாத்தீங்களா, பின்னாடி ஒண்ணும் இல்ல, அதான் அமைதியா இருக்கு." பின்னால் ஒரு ஆளை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய சென்சார்களைக் கேட்டதற்கு, வாரண்டிக்காகக் கம்பெனியில் ஒப்படைக்க வேண்டும் என்றான்.

வியாழக்கிழமை ராத்திரி அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் ரிவர்ஸ் எடுத்தேன். சத்தம் வரவில்லையே, இடம் இருக்கிறது என்று நம்பித்தான் எடுத்தேன். படார் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் தூணில் சாய்த்து வைத்திருந்த என் மகளின் சைக்கிள். பின் சக்கரம் வளைந்து எட்டாகக் கிடந்தது, பம்பரில் கீறல். பத்து நிமிஷம் முன்னால்தான் அவள் அந்த சைக்கிளை நிறுத்திவிட்டு மேலே போயிருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

உடனே அவனுக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் காலைல வரேண்ணா." வரவில்லை. மறுநாள், "சில்க் போர்டு ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டேண்ணா." அதற்கடுத்த நாளிலிருந்து ஒரு ரிங்கோடு கட் ஆகிறது. ஆப்பில் புகார் போட்டால் 48 மணி நேரத்தில் பதில் வரும் என்றது. மூன்று நாளாகியும் ஒன்றும் இல்லை. கஸ்டமர் கேரில் ஒருவர் இந்தியில் ஆரம்பித்தார், ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னதும் லைனை ஹோல்டில் போட்டுவிட்டார். இன்னொருவர், "நீங்கள் எங்கள் மூலம் கட்டியது 299 ரூபாய் மட்டும்தான், அதைத் திருப்பித் தருகிறோம்" என்றார். அப்படியானால் 14,800? "அது உங்களுக்கும் டெக்னீஷியனுக்கும் உள்ள விஷயம் சார்." அவனை என் வாசலுக்கு அனுப்பியது யார் என்று கேட்டேன். பதிலே இல்லை. அன்று மாலையே புகார் 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது.

நேற்று லிங்கராஜபுரத்தில் ஒரு பழைய ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கும் பெரியவர் பம்பரை இறக்கி என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். நாலும் பழைய சென்சார்தான். மேலே ஆறு வருஷத்து மண் அப்படியே இறுகிக் கிடந்தது, ஒரு விரல் ரேகை கூட இல்லை. ஒயரை இணைக்கும் ஒரு கனெக்டரில் மட்டும் தண்ணீர் இறங்கி, அதன் உலோகப் பின்னில் பச்சை பூத்திருந்தது. பிரச்சினை அவ்வளவுதான். அப்புறம் டிக்கியின் பக்கவாட்டு பேனலைக் கழற்றினார். என் வண்டியில் பீப் அடிக்கும் பஸ்ஸர் அங்கே தனியாக இருக்கிறது. அதன் ஒயரைப் பிடுங்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி உள்ளே சொருகி வைத்திருந்தான். சத்தம் நின்றது அதனால்தான். 14,800 ரூபாய் வாங்கிக்கொண்டு அவன் செய்த ஒரே வேலை, என் காரின் வாயைக் கட்டியது.

பெரியவர் அந்தக் கனெக்டர் பின்னைச் சுத்தம் செய்து, பஸ்ஸரைத் திரும்ப மாட்டி, 600 ரூபாய் வாங்கினார். என்னைப் பின்னால் நிற்க வைத்து, நான் நெருங்க நெருங்க பீப் வேகமாவதைக் காட்டிவிட்டுத்தான் பணத்தைத் தொட்டார்.

2019 ஜூலை 1க்குப் பிறகு தயாரான கார்களில் பின் சென்சார் சட்டப்படி கட்டாயம். குழந்தைகள் பின் சக்கரத்தில் மாட்டக் கூடாது என்பதற்காக வைத்த ஒரு பொருளை, கேட்காமல் கொள்ளாமல் ஊமையாக்கிவிட்டுப் போயிருக்கிறான். பணம் போனதை விட இதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

யாரையும் கூப்பிடும் முன் என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பெரியவர் காட்டியதை மட்டும் சொல்கிறேன். முதலில் நாலு சென்சாரையும் ஈரத்துணியால் துடையுங்கள், சேறு ஒட்டியிருந்தாலே கத்தும். வாட்டர் வாஷில் பிரஷர் தண்ணீரைச் சென்சார் மேல் நேராக அடிக்க விடாதீர்கள். மேனுவல் கியர் வண்டியென்றால் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் போடுங்கள். பின்னால் போய் ஒவ்வொரு சென்சார் மேலும் விரலை வையுங்கள். வேலை செய்வதில் டிக் டிக் என்று மெல்லிய துடிப்பு தெரியும், செத்ததில் தெரியாது. எது போயிருக்கிறது என்று அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நாலும் ஒரே நாளில் போச்சு என்றால் நம்பாதீர்கள், பெரும்பாலும் ஒயர், ஃபியூஸ், கனெக்டர் இவற்றில்தான் கோளாறு இருக்கும்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஆப்புக்கு வெளியே ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். பழைய பாகம் உங்கள் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

இன்று காலை நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிந்துவிட்டேன். பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், பெரியவர் எடுத்துக் கொடுத்த ஒயர் போட்டோ எல்லாம் வைத்திருக்கிறேன். மதியம் மனைவியின் போனிலிருந்து அவனை அழைத்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்து, "சொல்லுங்கக்கா, எந்த ஏரியா?" என்றான். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டான்.