டியாகோ ஈ.வி. விமர்சனம்: ஓடுகிற பெட்ரோல் காரை விற்றுவிட்டு இதற்கு மாறலாமா?

மாதம் 1,000 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறீர்கள். கார் நிறுத்த வீட்டிலேயே இடமும், பக்கத்தில் ஒழுங்கான எர்த்தோடு ஒரு பிளக்கும் இருக்கிறது. இப்போதுள்ள பெட்ரோல் காரையும் எப்படியும் மாற்றியாக வேண்டிய கட்டம். இந்த மூன்றும் பொருந்தினால் டாடாவின் மின்சார கார் டியாகோ ஈ.வி.யின் 24 கிலோவாட்-மணி (அதாவது 24 யூனிட்) பேட்டரி மாடலைத் தயங்காமல் வாங்கலாம். நான்கு வருடம்கூட ஆகாத, நன்றாக ஓடுகிற காரை, பெட்ரோல் செலவு மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக விற்றுவிட்டு இதற்கு வந்தால் பெரும்பாலும் நஷ்டம்தான்.

ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. ஏ.சி. போட்டுக்கொண்டு நெரிசலில் ஓட்டினால் 1.2 லிட்டர் பெட்ரோல் டியாகோ லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும். அதாவது கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 20 காசு. ஈ.வி. மாடல் இ.பி. மீட்டரில் ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் 7 கிலோமீட்டர் போகும். சார்ஜரில் சூடாக வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்த கணக்கு இது. காரின் திரை காட்டும் எண் இதைவிட அழகாக இருக்கும். பில் கட்டுவது மீட்டரைப் பார்த்துத்தான்.

அந்த யூனிட் என்ன விலை என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘கிலோமீட்டருக்கு 1 ரூபாய்’ என்று ஷோரூமில் சொல்வது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். காரின் யூனிட்டுகள் வீட்டுச் செலவின் தலைமேல்தான் போய் உட்காரும். 2024 ஜூலை கட்டணப்படி 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65, 1,000 வரை 10.70, அதற்கும் மேலே 11.80 ரூபாய். இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர் ஓட்ட 285 யூனிட் வேண்டும். ஏற்கெனவே 500 யூனிட் எரிக்கும் வீடென்றால் இந்த 285-க்கு 2,640 ரூபாய் ஆகும். 500-ஐத் தாண்டியதால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகை போய்விடும், அதையும் கூட்டினால் 2,900-ஐத் தொடும். கிலோமீட்டருக்கு 1.45. வெறும் 200 யூனிட் செலவாகும் சின்னக் குடும்பத்துக்கு இதே 2,000 கிலோமீட்டர் சுமார் 1,500 ரூபாயில் முடிந்துவிடும். இரண்டு ஏ.சி. ஓடி 1,000 யூனிட்டைத் தாண்டும் வீட்டில் 3,360. ஆகவே ஷோரூமுக்குப் போகுமுன் கடைசி மூன்று இ.பி. பில்லை எடுத்துப் பாருங்கள்.

நடுவிலுள்ள 1.45-ஐயே எடுத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 5.75 ரூபாய் மிச்சம். புதிய பெட்ரோல் டியாகோவா, புதிய ஈ.வி.யா என்று யோசிப்பவருக்கு ஆன்ரோடு வித்தியாசம் 3 லட்சம் என்றால், 52,000 கிலோமீட்டரில் அது கழிந்துவிடும். மாதம் 1,000 ஓட்டுகிறவருக்கு நாலேகால் வருடத்துக்குச் சற்று மேல். மாதம் 400 மட்டுமே ஓட்டுகிறவருக்குப் பதினோரு வருடம்! இனி, ஓடுகிற காரை விற்பவரின் கணக்கு. பழையது 4 லட்சத்துக்குப் போகிறது, புதியது 10.5 லட்சம் என்றால் கைவிட்டுப் போவது ஆறரை லட்சம். அதை மீட்க 1,13,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் உத்தரவாதமே 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரைதான்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது, ஈ.வி.க்கு அதே 5 சதவீதம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். விலை இடைவெளி அதற்குப் பிறகு கூடியிருக்கிறது. பழைய ஒப்பீடுகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். 5 முதல் 10 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு இங்கே சாலை வரி 13 சதவீதம். மின்வாகனங்களுக்கு 2023 கொள்கை தந்த வரி விலக்கு 2025 இறுதி வரை என்றிருந்தது. பதிவு செய்யும் நாளில் உங்களுக்கு என்ன வரி என்பதை எஸ்டிமேட்டில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். மொத்தத் தொகைக்குள் அது ஒளிந்திருக்கக் கூடாது.

மாதத் தவணையைக் குறைத்துக் காட்டப் பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டமும் சந்தையில் உண்டு. எம்.ஜி. விண்ட்சர் மின்சார கார் 2024 செப்டம்பரில் வந்தபோது அந்த வாடகை கிலோமீட்டருக்கு 3.50. கரண்டையும் சேர்த்தால் 5 ரூபாயைத் தொட்டுவிடும். நிறைய ஓட்டுகிறவருக்கு அது ஆகாது.

காருக்கு வருவோம். ஊருக்குள் ஓட்ட இதன் விலையில் இதைவிட இதமான கார் இல்லை. 114 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) ஆக்சிலரேட்டரில் காலை வைத்ததும் கிடைக்கிறது. கியர் இல்லை, மூன்று சிலிண்டர் இன்ஜினின் அதிர்வும் இல்லை. ரீஜெனை (காலை எடுத்ததும் கார் தானே வேகம் குறைந்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் வசதி) 2-இல் வைத்தால் நெரிசலில் பிரேக்கைத் தொடும் வேலை பாதியாகும். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் இடிக்கும். அது பெட்ரோல் டியாகோவிலும் அப்படித்தான்.

ரேஞ்ச், அதாவது ஒரு முழுச் சார்ஜில் போகும் தூரம், 315 கிலோமீட்டர் என்று 2022-இல் சொன்னார்கள், பிறகு புதிய சோதனை முறைப்படி 293 என்று குறைத்தார்கள். ஏ.சி.யோடு ஊருக்குள் 190 முதல் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் 95 வேகத்தில் போனால் 160-ஐ ஒட்டித்தான். வேகத்தை 80-க்கு இறக்கினால் ஒரு 25 கிலோமீட்டர் கூடக் கிடைக்கும். சிறிய 19.2 கிலோவாட்-மணி பேட்டரி மாடல் இரண்டாவது காராக மட்டுமே சரிப்படும்.

வீட்டில் ஒரே காராக இது இருக்கப்போகிறது என்றால் கவனிக்க வேண்டியது ரேஞ்சைவிட ஃபாஸ்ட் சார்ஜ் வேகம். 10-லிருந்து 80 சதவீதம் ஏற ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஏறுவது சுமார் 17 யூனிட். அப்படியானால் சராசரியாக 18 கிலோவாட்டுக்குமேல் இந்தக் கார் வாங்கிக்கொள்வதில்லை. 60 கிலோவாட் சார்ஜர் என்று போர்டு போட்டிருந்தாலும் அதே ஒரு மணி நேரம்தான். சென்னையிலிருந்து திருச்சி 330 கிலோமீட்டர். திண்டிவனம் பக்கம் ஒருமுறை, உளுந்தூர்பேட்டை தாண்டி ஒருமுறை நிறுத்தியாக வேண்டும். பயணத்தில் இரண்டு மணி நேரம் கூடும். முன்னால் ஒரு வண்டி சார்ஜில் நின்றால் மூன்றாகும். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் இப்படி வரிசையில் நிற்பது சகஜம். பொதுச் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய்க்கு மேல் போவதால் அங்கே மிச்சமும் சுருங்கிவிடும். மாதம் இரண்டுமுறை சொந்த ஊருக்குப் போகிறவர் பெட்ரோலிலேயே இருக்கட்டும், அல்லது பெரிய பேட்டரி காரைப் பார்க்கட்டும்.

இனி பிளக். இந்தக் காரோடு வரும் கையடக்கச் சார்ஜர் 15 ஆம்ப் பிளக்கில் 24 யூனிட் பேட்டரியை 10-லிருந்து 100-க்கு ஏற்ற எட்டே முக்கால் மணி நேரம் எடுக்கும். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டு மணி நேரம் போதும், 7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜருக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம் இழுக்கும் கரண்டைவிட இரண்டு பங்குக்கும் அதிகமாக இது மணிக்கணக்கில் இழுக்கும். சமையலறை 15 ஆம்ப் சாக்கெட் அதற்குத் தாங்காது. பிளக்கின் பின் நுழையும் இடம் பழுப்பேறி உருக ஆரம்பிக்கும். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், தனி எம்.சி.பி. (அதிகக் கரண்ட் போனால் அணைக்கும் சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் அணைக்கும் சுவிட்ச்), முனையில் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். இன்வெர்ட்டர் லைனில் மாட்டக் கூடாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி மறுத்தால் பெரும்பாலும் எர்த்துதான் காரணம். எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பத்து, பதினைந்து காட்டினால் எர்த் குழி காய்ந்திருக்கும், அல்லது இணைப்புக் கம்பி துருப்பிடித்திருக்கும். பழைய வீடுகளில் எர்த் கம்பி பாதி வழியிலேயே அறுந்திருப்பதும் உண்டு. அடுக்குமாடியில் உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை ஒயர் இழுக்கச் சங்கத்தின் அனுமதியைக் கடிதமாக வாங்கிய பிறகே அட்வான்ஸ் கட்டுங்கள்.

இதிலுள்ளது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. வாரம் முழுக்க 40-க்கும் 70-க்கும் நடுவிலேயே வைத்திருந்தால் சதவீதக் கணிப்பு பிசகி, 15 காட்டிய திரை திடீரென 6-க்கு விழும். மாதம் ஒருமுறையாவது வீட்டுச் சார்ஜரில் 100 வரை ஏற விடுங்கள். பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் உயிர் பெறாவிட்டால் சந்தேகப்பட வேண்டியது 12 வோல்ட் சிறு பேட்டரியை. பெட்ரோல் காரைப் போலவே அதுவும் சில வருடங்களில் ஓயும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் ஐ.பி. 67 பாதுகாப்பு (தூசும் தண்ணீரும் புகாத தரம்) உண்டு என்பதால் மழையில் ஓட்டலாம். வெள்ளத்தில் இறக்க அது அனுமதிச் சீட்டாகாது. காரின் மற்ற மின்னணுப் பாகங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத) இன்ஷூரன்ஸில் பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் படித்துக் கையெழுத்திடுங்கள்.

டெலிவரி எடுக்கும்போது டிக்கியைத் திறந்து பாருங்கள். ஸ்டெப்னி இருக்காது, பஞ்சர் கிட் மட்டும்தான். முள்ளோ ஆணியோ குத்தினால் அது போதும், டயரின் பக்கவாட்டு கிழிந்தால் காரை இழுத்துப்போகும் டோவ் வண்டிதான். சார்ஜர் கேபிளை அங்கேயே ஒரு பிளக்கில் மாட்டிக் கார் சார்ஜ் ஏற்றுவதைப் பார்த்த பிறகு சாவியை வாங்குங்கள்.