கொடுப்பனவுக்கு ‘நீடிப்பு’ எடுத்துத் தருகிறேன் என்று வருபவரிடம் வங்கிக் கார்டைக் கொடுக்காதீர்கள்

திருகோணமலை மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு எடுக்கிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். “உங்கட கொடுப்பனவுக் காலம் முடிஞ்சுது, நான் நீடிப்பு எடுத்துத் தாறன்” என்று யாராவது சொன்னால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வங்கிப் புத்தகத்தையும் ஏ.ரி.எம். கார்டையும் அறவே கொடுக்காதீர்கள். எங்கள் அத்தானுடைய கணக்கிலிருந்து இப்படி 82,500 ரூபாய் போயிருக்கிறது. ‘செலவுக்காசு’ என்று அக்கா கையில் எண்ணிக் கொடுத்தது வேறு.

அத்தான் சங்கு குளிக்கப் போனவர். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் உடம்புக்குள் நைதரசன் குமிழ் கட்டி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கடற்படைத் தளத்தில் அழுத்த அறைக்குள் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். உயிர் மிஞ்சியது, கால்கள் மிஞ்சவில்லை. நம்முடைய கரையோரத்தில் இப்படி வீட்டோடு இருக்கிற முன்னாள் குளியாளிகள் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

கொடுப்பனவுக்கு அவரைப் பதிந்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அரசாங்க வைத்தியரின் சான்றிதழ், விதானையார் என்கிற கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு, சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்துப் போட்ட கையெழுத்து. முன்பு மாதம் 5,000. 2024இல் 7,500 ஆனது. 2025 ஏப்ரலிலிருந்து 10,000. கடலுக்குப் போகிற வருமானம் நின்ற வீட்டில் இது பெரிய காசு.

காசு வங்கிக் கணக்குக்குப் போகத் தொடங்கியபோதுதான் அந்தக் கொமினிகேசன்காரர் உள்ளே வந்தார். போட்டோக் கொப்பி, ரீலோட், படிவம் நிரப்புதல் எல்லாம் செய்கிற கடை. பெயர் எழுதவில்லை, முறைப்பாடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எந்தப் பிரதேச செயலகம் என்றும் எழுதவில்லை. மாவட்டத்தில் 11 இருக்கின்றன, இந்த மாதிரிக் கடைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கின்றன. அத்தானால் எழுந்து போக முடியாது, அக்காவுக்குப் படிவம் என்றாலே கை நடுங்கும். “அக்கா, நீங்கள் அலைய வேண்டாம், அண்ணனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, கணக்குத் திறந்து கார்டும் எடுத்துத் தாறன்” என்றார். திறந்தும் கொடுத்தார். கார்டும் வங்கிப் புத்தகமும் அவருடைய லாச்சியிலேயே நின்றுவிட்டன. “ஒவ்வொரு மாதமும் நானே எடுத்து அனுப்புறன், உங்களுக்கு ஓட்டோக் காசு மிச்சம்.” கொஞ்ச மாதங்கள் உண்மையாகவே அனுப்பினார். மாதம் இருநூறு, முந்நூறு பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். அதுவரைக்கும் ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

2025 தொடக்கத்தில், “கொடுப்பனவு நின்றுபோச்சு” என்றார்.

இதை அக்கா நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நேரம் ஊர் முழுக்க ‘நீடிப்பு’ என்ற பேச்சுத்தான். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற அஸ்வெசும உதவியில் 2,500 ரூபாய் எடுத்த பிரிவுக்குக் காலக்கெடு வைத்து, பிறகு அதை நீட்டி, மறுபடியும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு நின்றது, இன்னொருவருக்குத் தொடர்ந்தது. அது வேறு உதவி, மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு வேறு உதவி. ஆனால் இரண்டும் ஒரே பிரதேச செயலக ஒபிஸ், ஒரே வரிசை, ஒரே மாதிரிப் படிவம். பிரித்துச் சொல்ல யாரும் இல்லாத இடத்தில் அவர் சொன்னார்.

அதோடு ஒரு கடிதமும் வந்திருந்தது, சிங்களத்தில். அக்கா அதைக் கொண்டுபோய் அவரிடமே காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டு மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மருத்துவச் சான்றிதழ் காலாவதியாம், மூன்று வருஷத்துக்கு நீடிப்பு எடுக்க வேணுமாம்” என்று வாசித்தாராம். பிறகு நான் அதைச் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன். குடும்ப விபரங்களைப் புதுப்பிக்க வரும்படி கேட்கிற சாதாரண அறிவித்தல். நிறுத்தம் என்றோ காலாவதி என்றோ ஒரு சொல் இல்லை. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. அந்தக் கடிதத்தைத் தமிழில் அனுப்பியிருந்தால் இந்தக் கதையில் பாதி நடந்திருக்காது.

நீடிப்புக்கு 15,000 கேட்டார். பன்னிரண்டு முதலில், மீதி வேலை முடிந்த பிறகு. “உள்ளுக்கு ஒருத்தருக்குக் கொடுக்க வேணும்” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாராம். இரண்டு வெற்றுத் தாளில் அத்தானிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தாள்கள் பின்னால் வருகின்றன.

இனி ஒபிஸ் பக்கம். அக்கா சும்மா இருக்கவில்லை, போய்க் கேட்டார். மேசையில் இருந்த பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை. “சிஸ்டத்தில பார்க்க வேணும் அக்கா, அடுத்த கிழமை வாங்கோ.” அடுத்த கிழமை போனால், பொறுப்பானவர் ட்ரெய்னிங். அதற்குப் பிறகு போனால் சமூக சேவை உத்தியோகத்தருக்கு இடமாற்றம், புதியவர் இன்னும் பாரம் எடுக்கவில்லை. ஒருநாள் வேறொருவர், “தகவல் புதுப்பிக்காட்டி நிற்கத்தான் செய்யும்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டார். அத்தானுடைய பெயரைத் தட்டிப் பார்த்துச் சொன்னதல்ல அது. ஆனால் அக்காவின் காதில் அது ‘நின்றுவிட்டது’ என்றே விழுந்தது. கொமினிகேசன்காரர் சொன்னதற்கு ஒபிஸே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு அவரை விட இதில்தான் கோபம் அதிகம். அவர் களவெடுக்க வந்தவர். ஆனால் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டிப் பார்த்து, “போன மாதமும் காசு போயிருக்கு, வங்கியில் பாருங்கோ” என்று ஒருவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே சாமி மாதாமாதம் கொடுத்துக்கொண்டே இருந்தது, பூசாரி ஏ.ரி.எம்.மில் எடுத்துக்கொண்டே இருந்தார்.

ஆமாம், கொடுப்பனவு ஒரு மாதமும் நிற்கவில்லை.

நான் பட்டணத்தில், பாலையூற்றுப் பக்கம் இருக்கிறேன். விஷயம் என் காதுக்கு வந்ததும் முதலில் கேட்டது வங்கிப் புத்தகத்தை. அது கடையில் என்றார்கள். கடைக்குப் போன் எடுத்தால் அவர் கொழும்பில். சரி என்று அத்தானை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே வங்கிக்குப் போனோம். அங்கே படிகள்தான், சாய்தளம் இல்லை. பொதுக் கட்டடங்களில் அணுகு வசதி வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன என்பதை அந்தப் படிகளுக்கு யாரும் சொல்லவில்லை போல. ஆனால் உள்ளே இருந்த ஒரு உத்தியோகத்தர் பெண் நிலைமையைக் கேட்டுவிட்டுப் படிவத்தோடு ஓட்டோவுக்கே இறங்கி வந்தார். அடையாள அட்டையைப் பார்த்து, அத்தானோடு பேசி, அங்கேயே கையெழுத்து வாங்கினார். கார்டை அந்த நிமிடமே நிறுத்தினார். பிறகு கணக்குக் கூற்றை அடித்துக் கொண்டுவந்து தந்தார்.

அந்தத் தாளை ஓட்டோவுக்குள் வைத்து விரலால் தொட்டு வாசித்தோம். ஜனவரி: வரவு 7,500. அதற்குக் கீழே அடுத்த வரி, ஏ.ரி.எம். பற்று 7,500. பெப்ரவரி, மார்ச் அப்படியே. ஏப்ரலில் வரவு 10,000, கீழே பற்று 10,000. செப்டெம்பர் வரை அதே சோடி சோடியாக. மிச்சம் என்ற நிரலில் எல்லா மாதமும் ஒரே தொகை, கணக்குத் திறக்கும்போது போட்ட 500 ரூபாய். அத்தான் அதிகம் பேசுகிறவர் இல்லை. “கூட்டின காசையும் விடேல்ல” என்று மட்டும் சொன்னார். பத்தாயிரமாகக் கூட்டிய விஷயமே அவருக்கு அந்தத் தாளில்தான் தெரிந்தது.

காசு வரும்போது வருகிற எஸ்.எம்.எஸ். ஏன் அக்காவின் போனுக்கு வரவில்லை என்று கேட்டேன். வங்கியில் பதிந்திருந்த இலக்கம் அக்காவுடையது இல்லை. அந்தக் கடையின் பெயர்ப்பலகையில் கீழே பெரிதாக எழுதியிருக்கிற இலக்கம்.

அதற்குப் பிறகு ஒபிஸுக்கு வாயால் கேட்கப் போகவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுத்தோம். மூன்று கேள்விதான்: இந்த ஆளுக்கு எந்தெந்த மாதம் எவ்வளவு விடுவிக்கப்பட்டது, கொடுப்பனவு எப்போதாவது நிறுத்தப்பட்டதா, நீடிப்புக்கு விண்ணப்பம் ஏதும் அத்தானுடைய கோவையில் (பைலில்) இருக்கிறதா. அதோடு கடைசியாகக் கொடுக்கப்பட்ட தகவல் படிவத்தின் பிரதி. ஒவ்வொரு அரச ஒபிஸிலும் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் காரணம் கேட்க முடியாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எங்களுக்குப் பதில் வந்தது, தமிழில், ஒரு பக்கத்தில். எல்லா மாதமும் விடுவிக்கப்பட்டுள்ளது. நிறுத்தப்படவில்லை. நீடிப்பு விண்ணப்பம் என்று எதுவும் கோவையில் இல்லை. படிவத்தின் பிரதியிலும் அதே கடை இலக்கம். வரிசையில் நின்று கிடைக்காத பதில் கடிதம் கொடுத்ததும் கிடைத்தது.

பொலிஸில் முறைப்பாடு போட்டோம். கொமினிகேசன்காரர் வந்து, “அவர்கள்தானே கார்டைத் தந்தார்கள், நான் களவெடுக்கல்ல” என்று ஒரு தாளை நீட்டினார். அத்தான் கையெழுத்து வைத்த வெற்றுத் தாள், இப்போது வெற்றாக இல்லை. ‘என் கணக்கிலுள்ள பணத்தை இவர் எடுப்பதற்குச் சம்மதிக்கிறேன்’ என்று நிரப்பியிருந்தது. எழுத்து ஒரு பேனை, கையெழுத்து வேறு பேனை. அத்தானுக்கு இருக்கிற ஒரே நீலப் பேனை வீட்டுக் கலண்டரோடு நூலில் கட்டித் தொங்குகிறது. அந்தக் கையெழுத்து அதன் நிறம்.

விஷயம், வழக்குக்கு முன் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்குப் போனது. அவர் 30,000 கொடுத்தார், மீதிக்குத் தவணை கேட்கிறார். இணக்கம் வராவிட்டால் வரவில்லை என்று சபை சான்றிதழ் தரும், அதோடு நீதிமன்றத்துக்குப் போகலாம். ‘உள்ளுக்கு ஒருத்தருக்கு’ என்ற கதையையும் நாங்கள் விடவில்லை. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்குப் போன் எடுத்து விபரம் சொன்னோம். கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. எங்களைப் போல எத்தனை பேரின் கார்ட் அந்த லாச்சியில் கிடக்கிறதோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் கொடுப்பனவு எடுக்கிறவர் இருந்தால், வங்கிப் புத்தகம் யார் கையில் என்று இன்றைக்கே பாருங்கள். வேறு யாரிடமாவது இருந்தால் வாங்கப் போய்ச் சண்டை பிடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அவருக்குத் தெரியும் முன்னர் வங்கிக்குப் போய்க் கார்டை நிறுத்தி, கணக்குக் கூற்றை எடுத்து, போன் இலக்கத்தை மாற்றுங்கள். ஆள் நடக்க முடியாதவர் என்றால் முன்கூட்டியே வங்கிக்குப் போன் அடித்துச் சொல்லுங்கள், யாராவது வெளியே வந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பிரதேச செயலகத்திலும் போன் இலக்கத்தைப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் வேறு வேறாக இருக்கலாம்.

படிவம் இலவசம். விதானையார் கையெழுத்துக்கோ சமூக சேவை உத்தியோகத்தர் சிபாரிசுக்கோ காசு இல்லை. எழுதத் தெரியாது என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம், அது போதும். எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லி வாங்கி வாருங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. காசு வந்ததா என்று சந்தேகம் வந்தால் நலன்புரி நன்மைகள் சபையின் 1924 என்ற போன் இலக்கம் இருக்கிறது. லைன் கிடைக்க நேரமாகும், காலையிலேயே எடுங்கள்.

மூதூர், வெருகல் பக்கமிருந்து பட்டணத்துக்கு வருவது ஒரு நாள் வேலை என்று தெரியும். அதனால்தான் இப்படி ஒருவர் ‘நானே பார்க்கிறேன்’ என்று சொன்னால் நிம்மதியாக இருக்கிறது. பரவாயில்லை, உதவி வாங்குங்கள், ஓட்டோக் காசும் கொடுங்கள். கார்டும் அதன் ரகசிய இலக்கமும் மட்டும் வீட்டை விட்டுப் போகக்கூடாது, வெற்றுத் தாளில் கையெழுத்தும் போகக்கூடாது.

நாங்கள் தகவல் அலுவலருக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. வேண்டுமானவர்கள் கேளுங்கள், பெயர் விபரத்தை மறைத்து அனுப்புகிறேன். உங்களுடைய கேள்விகளை மாற்றிப் போட்டுக் கொடுக்கலாம்.