கேழ்வரகுக்கு 364: ஹைதராபாத் உணவு அட்டவணை பற்றி ஒரு மதிப்புரை

ஒரு தமிழ் மாத இதழின் நலவாழ்வுப் பக்கங்களுக்கு வரும் கட்டுரைகளில் உள்ள எண்களைச் சரிபார்ப்பது சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. மொழிநடையைத் திருத்துபவர் வேறொருவர். மருத்துவக் கருத்துகளைப் படித்துப் பார்க்க ஒரு மருத்துவரும் இருக்கிறார். முருங்கைக்கீரையில் இவ்வளவு சுண்ணாம்புச்சத்து உண்டு என்று ஒருவர் எழுதினால், அந்த 'இவ்வளவு' எங்கிருந்து வந்தது என்று தேடிப் போவதுதான் என் பங்கு. அந்தத் தேடலில் நான் மிக அதிகமாகப் புரட்டிய வெளியீடு, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'இந்திய உணவு உட்கூறு அட்டவணைகள்'. உணவைப் பற்றி எழுதுகிற, பதிப்பிக்கிற எவரும் கைக்கெட்டும் தொலைவில் வைத்திருக்க வேண்டிய நூல் இது என்றே கருதுகிறேன். ஆனால் முன்பகுதியைப் படிக்காமல் நேரே அட்டவணைக்குத் தாவுகிறவர் இதை வைத்துக்கொண்டே பெரிய பிழைகளையும் செய்துவிட முடியும் என்பதால், இதன் நிறையையும் குறையையும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த நூலின் வேர் நீலகிரியில் இருக்கிறது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ஒரு சிறு அறையில் தொடங்கிய பிரிவே பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. அங்கு இயக்குநராக இருந்த வாலஸ் அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து ஒரு சிறு வெளியீடாகக் கொண்டுவந்தார். 1958-இல் ஆய்வகம் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 1971-இல் கோபாலன், ராமசாஸ்திரி, பாலசுப்பிரமணியன் ஆகிய மூவரின் பெயரில் வந்த விரிவான தொகுப்பு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இந்திய உணவியல் மாணவர்களின் கையேடாக இருந்தது. கோபாலன் சேலத்தில் பிறந்தவர் என்பதை இங்கே பெருமையுடன் குறிப்பிடத் தோன்றுகிறது. இன்றும் தமிழில் வெளியாகும் உணவுக் கட்டுரைகளில் பெரும்பாலான எண்கள், எழுதுபவருக்கே தெரியாமல், அந்தப் பழைய தொகுப்பிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தவையாகவே இருப்பதைப் பார்க்கிறேன்.

2017-ஆம் ஆண்டு நூல் அந்தப் பழைய தொகுப்பின் மறுபதிப்பன்று. லாங்வா தலைமையிலான குழு நாட்டை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் மாதிரிகளைத் திரட்டி, 528 உணவுகளைப் புதிதாகப் பகுத்தாய்ந்து, 151 உட்கூறுகளுக்கான அளவுகளைத் தந்திருக்கிறது. புரதம், கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவற்றோடு நிற்காமல் ஒவ்வொரு அமினோ அமிலமும் கொழுப்பு அமிலமும் தனித்தனியே அளக்கப்பட்டுள்ளன. சத்துகள் உடலில் சேர்வதைத் தடுக்கும் ஆக்சலேட், பைட்டேட் போன்றவற்றுக்கும் இடம் உண்டு. கீரையில் உள்ள சுண்ணாம்புச்சத்தை மட்டும் சொல்லி ஆக்சலேட்டைச் சொல்லாமல் விடுவது பாதி உண்மையே என்பதால், இந்தப் பக்கங்களை நான் தனியாக மதிக்கிறேன்.

இந்த நூலின் மீது எனக்கு நம்பிக்கை பிறந்ததற்கான காரணத்தை ஒரே வரியில் காட்டிவிடலாம். கேழ்வரகுக்கு நேரே சுண்ணாம்புச்சத்து நூறு கிராமுக்கு 364 மில்லிகிராம் என்று அச்சாகியிருக்கிறது. அதை ஒட்டியே கூட்டல் கழித்தல் குறியும் 58 என்ற இன்னொரு எண்ணும் இருக்கின்றன. அந்த 58 திட்டவிலக்கம். ஓரிடத்துக் கேழ்வரகில் 310 இருக்கலாம், இன்னோரிடத்துக் கேழ்வரகில் 420 இருக்கலாம், இரண்டும் வியப்புக்குரியவை அல்ல என்பதே அதன் பொருள். எத்தனை பகுதிகளிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது என்பதும் அதே வரியில் இருக்கிறது. மண்ணும் மழையும் விதையும் மாறும்போது தானியத்தின் சத்தும் மாறுகிறது என்ற உண்மையை ஓர் அட்டவணை இவ்வாறு தானே முன்வந்து ஒப்புக்கொள்வதை நான் மிகுந்த நேர்மையாகக் காண்கிறேன். பொட்டலங்களிலும் கைப்பேசிச் செயலிகளிலும் தசம புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களோடு வரும் எண்கள் இப்படி எதையும் சொல்வதில்லை.

முருங்கைக்கீரை இதற்கு நல்ல சோதனை. 'பாலைப்போல் நான்கு மடங்கு சுண்ணாம்புச்சத்து' என்ற வரி எங்களுக்கு வரும் கட்டுரைகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது தென்படும். பழைய தொகுப்பில் முருங்கைக்கீரைக்கு 440 மில்லிகிராமும் பசும்பாலுக்கு 120 மில்லிகிராமும் தரப்பட்டிருந்தன. நான்கு மடங்கு என்பது அந்தக் கணக்கை ஒட்டியே அமைகிறது. புதிய அட்டவணையில் கீரைக்கு 314, பாலுக்கு 118. ஆகவே மூன்று மடங்குக்கும் குறைவுதான். கீரையின் வைட்டமின் சி அளவும் 220-இலிருந்து 108 ஆக இறங்கியிருக்கிறது. கீரை கெட்டுப்போய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை. மாதிரிகள் வேறு, அவற்றை எடுத்த முறை வேறு, ஆய்வுக் கருவிகள் வேறு. 'பதினேழு மடங்கு' என்று இன்னொரு வரியும் உலவுகிறது. அது உலர்த்திய கீரைப் பொடியையும் நீர் நிறைந்த பாலையும் எடைக்கு எடை நிறுத்திப் பார்த்ததால் வந்தது. நூறு கிராம் பொடியை ஒரே வேளையில் எவரும் உண்ணப் போவதில்லை. ஒரு கரண்டிப் பொடிக்கும் ஒரு குவளைப் பாலுக்கும் இடையில் ஒப்பீடு செய்தால் பாலே முன்னால் நிற்கும்.

எண்ணின் மூலத்தைத் தேடுவது ஏன் இன்றியமையாதது என்பதற்குப் பசலைக்கீரைக் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஜெர்மானிய வேதியியலாளர் ஒருவர் தசம புள்ளியை இடம் மாற்றி வைத்ததால்தான் பசலையில் இரும்புச்சத்து பத்து மடங்காகப் பரவியது என்ற செய்தி, 1981-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஹாம்ப்ளின் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. கவனமின்மைக்கு எதிரான பாடமாகவே அதை எல்லோரும் சொன்னார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் மூல ஆவணங்களைத் தேடிச் சென்றபோது, அந்தத் தசம புள்ளிப் பிழைக்கே சான்று கிடைக்கவில்லை. பிழையைத் திருத்த வந்த கதையும் மூலம் பார்க்கப்படாமல் பரவியிருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து, எனக்குப் பிடித்தமான முடிவைச் சொல்லும் எண்ணையே நான் இரண்டாம் முறை பார்க்கிறேன்.

இனி, இந்த நூலைப் பயன்படுத்துகிறவர் எங்கே இடறுவார் என்பதைச் சொல்ல வேண்டும். ஆற்றல் கிலோஜூலில் மட்டும் தரப்பட்டிருக்கிறது. பச்சரிசிக்கு 1491 என்று கண்டவுடன் அதைக் கலோரி என்று எடுத்துக்கொண்ட ஒரு கட்டுரை எங்கள் மேசைக்கே வந்திருக்கிறது. 4.184-ஆல் வகுத்தால் 356 கிலோகலோரி கிடைக்கும். அறிவியலுக்கு இது சரியான அலகாக இருக்கலாம். ஆனால் கலோரியிலேயே சிந்திக்கப் பழகிய நாட்டில், அதையும் பக்கத்தில் ஒரு வரிசையாகச் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான குறை. இரண்டாவது இடறல் இன்னும் நுட்பமானது. இந்நூலில் மாவுச்சத்து என்று தரப்படும் அளவில் நார்ச்சத்து சேராது. கேழ்வரகில் மாவுச்சத்து 66.82 கிராம், நார்ச்சத்து 11.18 கிராம், இரண்டும் வெவ்வேறு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணையில் மாவுச்சத்து என்ற மொத்தத்துக்குள்ளேயே நார்ச்சத்தும் அடங்கிவிடும். ஓர் உணவுக்கு இங்கிருந்தும் இன்னோர் உணவுக்கு அங்கிருந்தும் எண்ணை எடுத்து அருகருகே வைத்து 'இது சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லது' என்று எழுதுகிறவர்கள், இரு வேறு அளவுகோல்களால் அளந்ததை ஒப்பிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அட்டவணையில் உள்ள தானியமும் பருப்பும் கீரையும் சமைக்காதவை. சென்ற ஆண்டு வந்த ஒரு கட்டுரை, ஒரு வேளை கேழ்வரகுக் களியில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து கிடைக்கிறது என்றும், ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல் அதிலேயே நிறைவடைந்துவிடுகிறது என்றும் சொன்னது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. 344 என்பது பழைய தொகுப்பில் நூறு கிராம் கேழ்வரகுக்கு உள்ள அளவு. பாதிக்கு மேல் என்பது, நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் போதும் என்ற 2010-ஆம் ஆண்டுப் பரிந்துரையை ஒட்டிய கணக்கு. ஆனால் ஒருவருக்கு ஒரு வேளைக்குக் களி கிளற ஐம்பது கிராம் மாவு என்று வைத்துக்கொண்டால், புதிய அளவின்படி 182 மில்லிகிராம்தான் வரும். பெரியவர்களுக்கான பரிந்துரையோ 2020-இல் 1000 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டுவிட்டது. பாதிக்கு மேல் என்றிருந்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுக்கும் ஒரு மூதாட்டி அந்த வரியை நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் அன்று இரவு முழுவதும் என்னை விடவில்லை.

சமைத்த உணவுக்கான அளவுகள் இல்லாதது இந்த நூலின் குறையென்றே சொல்வேன். இட்லி, சாம்பார், ரசம், பொரியல் என்று நாம் தட்டில் காணும் எதற்கும் நேரடி விடை இதில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பலர் அமெரிக்க வேளாண்மைத் துறையின் தரவகத்துக்குப் போகிறார்கள். 2019 முதல் புதிய வடிவில் இயங்கும் அந்தச் சேவை முற்றிலும் இலவசம்; தேடுவதும் எளிது; அதன் அடிப்படை உணவுகள் பகுதியில் மாதிரி விவரங்களும் கிடைக்கின்றன. ஆயினும் அதே தரவகத்தில் வணிகப் பெயர் கொண்ட பொருள்களுக்கான பகுதி, உற்பத்தியாளர்கள் தங்கள் பொட்டலத்தில் அச்சிட்டதைத் திரட்டியது. ஆய்வகத்தில் துறை அளந்ததன்று. தேடும்போது இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து நிற்பதால், எந்த வகை என்று பார்த்துவிட்டே எண்ணை எடுக்க வேண்டும். அங்கே விற்கப்படும் வெள்ளை அரிசியில் பெரும்பகுதி இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்க்கப்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது.

இதே காரணத்தால் நம் நூலுக்கும் காலம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. 2017 அட்டவணையில் பச்சரிசியின் இரும்புச்சத்து நூறு கிராமுக்கு 0.65 மில்லிகிராம். 2021-இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி நியாயவிலைக் கடைகளுக்கு வந்த செறிவூட்டப்பட்ட அரிசிக்கோ, உணவுப் பாதுகாப்பு ஆணையம் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு என்று வரையறுத்திருக்கிறது. அதாவது நூறு கிராமுக்கு 2.8-க்குக் குறையாது. ஒரே தெருவில் இரு வீடுகளில் இரண்டு வகைச் சோறும் வேகும்போது 'அரிசியில் இரும்பு இவ்வளவு' என்று ஒற்றை எண்ணை எழுதுவது இனி இயலாது. அடுத்த பதிப்பு இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். அதில் தமிழ்ப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டால் பேருதவியாக இருக்கும். ரோமன் எழுத்தில் இருக்கும் மீன் பெயர்களில் எது சங்கரா, எது செப்பிலி என்று கண்டுபிடிக்க அறிவியல் பெயரைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

'மருத்துவரால் சரிபார்க்கப்பட்டது' என்ற வரியைக் கட்டுரையின் தலையில் இடுவது இப்போது பல வெளியீடுகளில் வழக்கமாகிவிட்டது. அது வேண்டியதுதான். ஆனால் மருத்துவர் பார்ப்பது சிகிச்சைக் கருத்தை; களிக்கு எத்தனை கிராம் மாவு என்பதை அவர் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஆகவே எங்கள் பக்கங்களில் ஒவ்வோர் எண்ணுக்கும் அது எந்த அட்டவணை, எந்த ஆண்டு, சமைத்ததா சமைக்காததா என்பதைக் கட்டுரையின் கீழே சிறிய எழுத்தில் அச்சிடத் தொடங்கியிருக்கிறோம். இடம் போகிறது என்று முதலில் தயங்கிய ஆசிரியர், வாசகர்கள் அந்தச் சிறிய எழுத்தைப் பார்த்தே கேள்வி கேட்டு எழுதுவதைக் கண்டபின் அதற்குத் தனி இடமே ஒதுக்கிவிட்டார்.

இம்மாத இதழுக்கு இட்லியைப் பற்றிய கட்டுரை வந்தது. அட்டவணையில் புழுங்கலரிசியும் பச்சரிசியும் தனித்தனி வரிகளில் இருப்பது அங்கே கைகொடுத்தது. புழுங்கலரிசிக்கும் உளுந்துக்கும் உரிய புரத அளவை எடுத்து, வீட்டில் நிறுத்துப் போட்ட எடையால் பெருக்கி, கிடைத்த இட்லிகளின் எண்ணிக்கையால் வகுத்து ஓர் இட்லிக்கான அளவைத் தந்தோம். மாவு புளிக்கும்போது பி வகை வைட்டமின்கள் மாறுபடும் என்பதால், அவற்றுக்கு உரிய கட்டத்தைக் காலியாக விட்டு அச்சுக்கு அனுப்பினோம்.