மெனு யார் கையில்? நாலு ஈஆர்பி, ஒரே ஸ்டோர் கீப்பர்

ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பருக்குக் கம்ப்யூட்டரில் அன்றாடம் இருக்கும் வேலை நாலைந்துதான். பர்ச்சேஸ் ஆர்டரைப் பார்த்து, வந்த சரக்கை வரவு வைக்க வேண்டும். ஷாப் ஃப்ளோரிலிருந்து இண்டென்ட் (பொருள் கேட்கும் சீட்டு) வந்தால் பொருளைக் கொடுத்துப் பதிய வேண்டும். கையிருப்பு எவ்வளவு என்று கேட்டால் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து ஸ்டாக்கைச் சரிபார்க்க வேண்டும். இதற்காக அவர் திறக்கும் ஈஆர்பி-யிலோ (நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள்) சம்பளம், தேய்மானம், வங்கி, வரி, உற்பத்தித் திட்டம் என்று எல்லாமே வரிசை கட்டி நிற்கும். அந்த மெனுவைச் சுருக்கி அவருக்கு ஏற்றபடி ஆக்குவது யார் வேலை? அட்மினா, டெவலப்பரா, அவரேவா?

எஸ்ஏபி, ஓடூ, இஆர்பிநெக்ஸ்ட், மைக்ரோசாஃப்ட் பிசினஸ் சென்ட்ரல் ஆகிய நாலும் இதற்கு நாலு விதமாகப் பதில் சொல்கின்றன. நான் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன். ஒருவர் என்னென்ன செய்யலாம் என்பதை அவருடைய பொறுப்பு முடிவு செய்யட்டும். அது திரையில் எங்கே இருக்க வேண்டும் என்பதை வேலை பார்ப்பவரே முடிவு செய்யட்டும். இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கும் மென்பொருளில் ஆட்கள் நிம்மதியாக வேலை செய்கிறார்கள்.

ஐந்தாவதாக ஒரு வழியும் உண்டு. அதை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். நாம் எதை அதிகம் பயன்படுத்துகிறோம் என்று பார்த்து, மென்பொருள் தானாகவே மெனுவை மாற்றிக்கொள்ளும் முறை அது. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2000-இல் இது வந்தது: அடிக்கடி தொடாத வரிகள் மறைந்துகொள்ளும், கீழே உள்ள அம்புக்குறியை அழுத்தினாலோ சற்றுக் காத்திருந்தாலோதான் வெளியே வரும். 2004-இல் ஆய்வாளர்கள் ஃபிண்ட்லேட்டரும் மெக்ரினெரும் மூன்று வகை மெனுக்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்: மாறாத மெனு, தானாக மாறும் மெனு, பயனரே மாற்றிக்கொள்ளும் மெனு. தானாக மாறுவதைவிட மாறாத மெனுவில் பெரும்பாலும் வேகமாக வேலை நடந்தது. பயனரே மாற்றிக்கொண்ட மெனு, மாறாத மெனுவுக்கு வேகத்தில் குறையவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அதுதான் பிடித்தும் இருந்தது. கை ஓர் இடத்துக்குப் பழகிய பிறகு அந்த இடத்தை நகர்த்தும் உரிமை அந்தக் கைக்கு மட்டுமே உண்டு என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எஸ்ஏபி: மெனுவும் பூட்டும் ஒன்று

எஸ்ஏபி-யின் பழைய திரையான ஜியுஐ-யில் இரண்டு மெனுக்கள் உண்டு. எல்லாம் அடங்கிய எஸ்ஏபி மெனு ஒன்று. அவரவர் ரோலுக்கு (வேலைப் பொறுப்புக்கு) ஏற்ற யூசர் மெனு இன்னொன்று. யூசர் மெனு, ரோல்களை உருவாக்கும் பிஎஃப்சிஜி என்ற இடத்தில் தயாராகிறது. ஸ்டோருக்கென்று ஒரு ரோல் போட்டு, அதன் மெனு டேபில் மிகோ (சரக்கு வரவு, வழங்கல்), எம்எம்பிஇ (கையிருப்பு), எம்ஐ04 (எண்ணிக்கைப் பதிவு) என்று டி-கோடுகளை (ஒரு திரையை நேரடியாகத் திறக்கும் குறியீடுகள்) சேர்த்தால் போதும். அந்த டி-கோடுகளைத் திறப்பதற்கான அனுமதியும் அதே ரோலில் தானாக வந்து உட்காரும். சேர்க்காத டி-கோடை மேலே உள்ள கட்டத்தில் டைப் செய்து எண்டர் தட்டினாலும், வேறு எந்த ரோலும் அதைக் கொடுக்காதவரை, அனுமதி இல்லை என்றே பதில் வரும். மெனுவில் போடுவதும் கதவைத் திறந்துவிடுவதும் ஒரே வேலையாக இருப்பது எஸ்ஏபி-யின் பெரிய பலம். ஆடிட்டர் கேட்டால் ரோலைத் திறந்து காட்டிவிடலாம்.

ஆளுக்கென்று தரப்பட்ட இடம் ஃபேவரிட்ஸ். தனக்கு வேண்டிய டி-கோடுகளை ஃபோல்டர் ஃபோல்டராக அடுக்கிக்கொள்ளலாம், பெயர் மாற்றலாம், வெப் முகவரியும் சேர்க்கலாம். அந்தப் பட்டியலை ஒரு ஃபைலாக இறக்கி, புதிதாகச் சேர்ந்தவருடைய லாகினில் ஏற்றிவிடவும் முடியும். ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது இதைச் செய்துவைத்தால் அடுத்து வருபவருக்குப் பெரிய உதவி. அப்புறம், எக்ஸ்ட்ராஸ் மெனுவில் உள்ள செட்டிங்ஸில் டெக்னிகல் நேம் காட்டும்படி ஒரு டிக் உண்டு. அதைப் போட்டால் மெனு வரியின் பக்கத்திலேயே டி-கோடும் தெரியும். புது ஆளுக்கு முதல் நாளே இதைப் போட்டுக் கொடுங்கள். சில வாரங்களில் மெனுவே தேவைப்படாமல் "/என் மிகோ" என்று தட்டிப் போய்விடுவார்.

சிக்கல் எங்கே வரும் என்றால், ஒருவருக்கு ஆறேழு ரோல் சேரும்போது. எல்லா ரோலின் மெனுவும் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கொட்டும். ஒரே டி-கோடு மூன்று இடத்தில் நிற்கும். இரட்டிப்புகளை நீக்கவும் ஒரே மாதிரிக் கிளைகளை ஒன்றாக்கவும் எஸ்எஸ்எம்_கஸ்ட் என்ற டேபிளில் அமைப்புகள் இருக்கின்றன. அதை யாரும் தொடாமல் விட்ட நிறுவனத்தில் ஆட்கள் யூசர் மெனுவைத் திரும்பியே பார்ப்பதில்லை.

எஸ்ஏபி-யின் புது முகமான ஃபியோரியில், மெனு வரிகளுக்குப் பதில் தொட்டுத் திறக்கும் கட்டங்கள், அதாவது டைல்கள். முன்பு குரூப்களாக இருந்தவை எஸ்ஏபி-யின் புதிய ஈஆர்பி-யான எஸ்/4ஹானாவின் 2020 பதிப்பிலிருந்து ஸ்பேஸ், பேஜ் என்று மாறிவிட்டன. ரோலுக்கு ஒரு ஸ்பேஸ், அதற்குள் பக்கங்கள், பக்கத்துக்குள் பிரிவுகள். அட்மின் அடுக்கியதை அவரவர் தன் அளவில் நகர்த்திக்கொள்ளலாம். கண்ணுக்கு எளிது. ஆனாலும் டி-கோடு கையில் ஏறியவரை டைலுக்கு இழுப்பது கடினம். அவரைக் கட்டாயப்படுத்துவதில் ஒரு நியாயமும் இல்லை.

ஓடூ: வளைந்து கொடுக்கும், ஆனால் டெவலப்பருக்கு

ஓடூவில் ஒவ்வொரு மெனு வரியும் டேட்டாபேஸில் ஒரு பதிவு. டெவலப்பர் மோடைப் போட்டுவிட்டு செட்டிங்ஸ், டெக்னிகல், மெனு ஐட்டம்ஸ் என்று போனால் முழு மரமும் தெரியும். பெயர், எதன் கீழ், எத்தனையாவது, எந்த குரூப்புக்கு (உரிமைக்காகப் பிரித்த பயனர் குழு) என்று எதை வேண்டுமானாலும் மாற்றலாம். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். இன்வென்ட்டரி ஆப்பில் 'யூசர்' நிலையில் இருக்கும் ஸ்டோர் கீப்பருக்கு கான்ஃபிகரேஷன் மெனு தெரியாது, அது அட்மினிஸ்ட்ரேட்டர் நிலைக்கு மட்டும்தான். இந்த ஏற்பாடு முதல் நாளிலிருந்தே அமைந்திருக்கிறது.

அதற்கு மேல் ஒரு வரியை மறைக்கப் போகும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மெனுவில் குரூப்களைச் சேர்த்தால், அவற்றில் ஏதாவது ஒன்றில் இருந்தாலே அந்த மெனு தெரியும். "இந்த குரூப்புக்கு மட்டும் காட்டாதே" என்று சொல்ல அங்கே வழி கிடையாது. உதாரணமாக, ஏதோ ஒரு ரிப்போர்ட் மெனுவை ஸ்டோர் கீப்பரிடமிருந்து மட்டும் எடுக்க வேண்டும். மெனுவில் ஏற்கெனவே இருக்கும் பொதுவான குரூப்பை நீக்கிவிட்டு, ரிப்போர்ட் பார்ப்பவர்களுக்கென்று ஒரு புது குரூப் உருவாக்கி, அதில் மற்ற எல்லோரையும் சேர்க்க வேண்டும். நாற்பது பேர் உள்ள இடத்தில் ஒரே ஒருவருக்காக முப்பத்தொன்பது பேரைத் தொட வேண்டிவரும்.

இன்னொன்று, மறைத்துவிட்டால் பூட்டிவிட்டதாக ஆகாது. அந்த மெனு காட்டும் பதிவுகளைப் படிக்கும் உரிமை அவருக்கு இருந்தால், யாராவது அனுப்பிய லிங்க் வழியாகவோ, வேறொரு படிவத்தில் உள்ள சப்ளையர் பெயரைத் தொட்டோ அந்தப் பதிவுக்குள் போய்விடலாம். உரிமையை எடுப்பது ஆக்சஸ் ரைட்ஸிலும் (எந்த வகைப் பதிவைத் தொடலாம்) ரெக்கார்ட் ரூல்ஸிலும் (அதில் எந்தெந்தப் பதிவுகளை) செய்ய வேண்டிய தனி வேலை. (சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற விற்பனை மென்பொருளிலும் இதே கதைதான்: டேபை ஹிடன் ஆக்கினாலும் அது காட்டும் பதிவுகளின் மேலுள்ள அனுமதி அப்படியே இருக்கும்.) எதிர்த்திசையில் ஓடூ நன்றாகவே நடந்துகொள்கிறது. ஒரு மெனு திறக்கும் பதிவு வகையைப் படிக்க உரிமை இல்லாவிட்டால் அந்த வரியே காட்டப்படாது. கீழே ஒரு வரியும் மிஞ்சாத தலைப்பும் மறைந்துவிடும். ஆகவே உரிமையிலிருந்து தொடங்கினால் மெனு பாதி தானே சரியாகிவிடும். மெனுவிலிருந்து தொடங்குபவர்கள் இரண்டு வேலை செய்கிறார்கள்.

திரையிலேயே மாற்றிய மெனுப் பெயரும் வரிசையும், அந்த மாட்யூலை (மென்பொருளின் ஒரு பகுதி) அப்கிரேட் செய்யும்போது பழையபடி ஆகிவிடக்கூடும், ஏனென்றால் மெனுவை விவரிக்கும் மூல எக்ஸ்எம்எல் ஃபைல் மறுபடி ஏறும். மாற்றத்தை ஒரு சிறிய தனி மாட்யூலாக எழுதி வைப்பதே பாதுகாப்பு. எண்டர்பிரைஸ் என்ற கட்டணப் பதிப்பை வாங்கியவர்களுக்கு, கோடு எழுதாமல் திரையை மாற்ற ஸ்டுடியோ இருக்கிறது.

ஸ்டோர் கீப்பர் தானே தன் மெனுவை அடுக்கிக்கொள்ள ஒரு ஆப்புக்குள் இடமே இல்லை என்பதுதான் ஓடூ மேல் எனக்குள்ள பெரிய குறை. அவர் சேமித்துக்கொள்ள முடிவது பெரும்பாலும் ஃபில்ட்டர்களைத்தான். கன்ட்ரோல்+கே அழுத்தி மெனுவைத் தேடலாம், அவ்வளவுதான்.

இஆர்பிநெக்ஸ்ட்: எண்ணிக்கை சொல்லும் மெனு

மும்பையில் பிறந்த இந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் மெனு என்பதே ஒர்க்ஸ்பேஸ் என்ற பக்கம்தான். தலைப்பு, ஷார்ட்கட், சார்ட், கார்டு எல்லாம் கட்டம் கட்டமாக இழுத்து வைக்கலாம். கோடு எழுதத் தேவையில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஷார்ட்கட். ஸ்டோருக்கு ஒரு ஒர்க்ஸ்பேஸ் போடுகிறோம். முதல் ஷார்ட்கட் பர்ச்சேஸ் ஆர்டர். லேபிளில் "வர வேண்டிய சரக்கு" என்று தமிழிலேயே எழுதுகிறோம். ஃபில்ட்டரில் இன்னும் சரக்கு வராத ஆர்டர்களை மட்டும் எடுக்கும்படி நிலையைக் குறிக்கிறோம். ஃபார்மட் கட்டத்தில் {} என்ற வளைவுக் குறி ஜோடியைப் போட்டு அதன் பக்கத்தில் "பாக்கி" என்று எழுதுகிறோம். அவ்வளவுதான். காலையில் லாகின் செய்தவுடன் அந்தக் கட்டத்தின் ஓரத்தில் "7 பாக்கி" என்று நிற்கும். தொட்டால் அந்த ஏழு ஆர்டரும் பட்டியலாக வரும். எங்கே போக வேண்டும் என்று காட்டுவதோடு, அங்கே எவ்வளவு வேலை காத்திருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறது. கம்ப்யூட்டருக்குப் புதியவரைக்கூட இது பயமில்லாமல் உள்ளே அழைத்துப்போகும்.

பொது ஒர்க்ஸ்பேஸுக்கு ரோல் கட்டலாம். அவரவர் தனக்கென்று தனி ஒர்க்ஸ்பேஸும் வைத்துக்கொள்ளலாம். படிக்க உரிமை இல்லாத டாக்டைப்பின் (பதிவு வகையின்) லிங்க் கார்டில் வராது. யூசர் பதிவிலேயே ஒரு மாட்யூலை முழுதாக மறைக்கும் வசதியும் இருக்கிறது. அதுவும் மறைப்பு மட்டும்தான், பூட்டு ரோல் பெர்மிஷனில்.

குறை என்னவென்றால் நிலைத்தன்மை. பழைய ஐகான் முகப்பு, பிறகு மாட்யூல் பட்டியல், பிறகு ஒர்க்ஸ்பேஸ் என்று பெரிய பதிப்புகளில் முகப்பே மாறி வந்திருக்கிறது. மேலே சொன்ன பழகிய கையின் நியாயம் இங்கே அடிபடுகிறது. பெரிய அப்கிரேடுக்கு முன் ஸ்டோர், கணக்கு, விற்பனை ஆட்களை டெஸ்ட் சர்வரில் உட்கார வைத்துப் பழக்கியே ஆக வேண்டும்.

பிசினஸ் சென்ட்ரல்: இரண்டு அடுக்கு

2002-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய டென்மார்க்கின் நேவிஷன்தான் 2018-இல் பிசினஸ் சென்ட்ரல் ஆனது. ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் (ஒரே வகை வேலை பார்ப்பவர்களுக்கான அமைப்பு) ரோல் சென்டர் என்ற முகப்பு இருக்கிறது. கஸ்டமைஸ் என்றால் அட்மின் அந்த ப்ரொஃபைலில் உள்ள எல்லோருக்குமாக மாற்றுவது. பர்சனலைஸ் என்றால் ஒருவர் தனக்கு மட்டும் மாற்றுவது. நான் சொன்ன அளவுகோலுக்கு இந்த நாலில் கிட்ட வருவது இதுதான்.

அடிக்கடி திறக்கும் பட்டியலில் புக்மார்க் குறியைத் தொட்டால் அது ரோல் சென்டரின் மெனுவில் வந்து சேரும். ஒரு ப்ரொஃபைலுக்கு மட்டும் பர்சனலைஸ் செய்வதையே நிறுத்தி வைக்கலாம். ஒரே கம்ப்யூட்டரில் ஒரே லாகினில் பலர் மாறி மாறி வேலை பார்க்கும் கவுண்டருக்கு அது தேவைதான். ஒருவர் எதையோ இழுத்துப் போட்டுக் குழப்பிக்கொண்டால், அவருடைய மாற்றங்களை மட்டும் அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஹெல்ப்டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். எதுவும் கிடைக்காவிட்டால் ஆல்ட்+க்யூ அடித்துத் தேடிக்கொள்ளலாம்.

ப்ரொஃபைல் என்பது பார்வைக்குத்தான். அனுமதி பெர்மிஷன் செட்டில் தனியாக இருக்கிறது. எஸ்ஏபி போல ஒரே இடத்தில் இரண்டும் நடப்பதில்லை என்பதால், ப்ரொஃபைலை மாற்றிவிட்டுப் பெர்மிஷனை மறந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

டேலி பக்கம் ஒரு வார்த்தை

டேலிபிரைமில் எஃப்11 ஃபீச்சர்ஸில் ஸ்டாக் பராமரிப்பு வேண்டாம் என்றால் அது சார்ந்த மெனுக்கள் போய்விடும். அதுவே பெரிய சுருக்கம். அதற்கு மேல் வேண்டுமானால் டேலியின் நிரல் மொழியான டிடிஎல்-இல் எழுதிச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும்போது டெவலப்பரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: ஏற்கெனவே உள்ள மெனு வரிகளைத் திறக்கும் குறுக்குவழி எழுத்துக்களைத் தொடக் கூடாது. அக்கவுண்டன்ட் திரையைப் பார்த்து வேலை செய்வதில்லை, எழுத்தைத் தட்டிப் போகிறார். புது வரிக்கு யாரும் பயன்படுத்தாத எழுத்தைக் கொடுக்கலாம்.

எதை எடுப்பது?

ஆடிட் கெடுபிடி அதிகம், ஆட்கள் நூற்றுக்கணக்கில் என்றால் எஸ்ஏபி-யின் ரோல் மெனுவை மிஞ்ச எதுவுமில்லை. எஸ்எஸ்எம்_கஸ்ட்டைச் சரிசெய்ய ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆபீஸ் வேலைதான் பெரும்பாலும், ஆட்கள் தாங்களே அடுக்கிக்கொள்ளும் அளவுக்குப் பழகியவர்கள் என்றால் பிசினஸ் சென்ட்ரல். கைவசம் ஒரு நல்ல பைத்தான் டெவலப்பர் நிரந்தரமாக இருந்தால் ஓடூவில் எதையும் சாதிக்கலாம். இல்லாத இடத்தில் மெனுவை அதிகம் தொடாமல், ஆப்போடு வரும் குரூப் நிலைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பட்டறை, குடோன், கவுண்டர் என்று கம்ப்யூட்டர் பழக்கம் குறைந்தவர்கள் அதிகம் உள்ள சிறு நிறுவனம் என்றால் என் தேர்வு இஆர்பிநெக்ஸ்ட்.

எதை வாங்கினாலும், டெமோ காட்ட வருபவரிடம் அவர் தயாரித்து வைத்த லாகினைக் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் ஸ்டோர் கீப்பரின் நாலு வேலையைச் சொல்லி, அதற்கான மெனுவை உங்கள் கண் முன்னாலேயே போடச் சொல்லுங்கள். போட்டு முடித்ததும் ஸ்டோர் கீப்பரையே அந்த லாகினில் உட்கார வைத்து, ஒரு வரியை அவருக்குப் பிடித்த இடத்துக்கு நகர்த்த முடிகிறதா, மறைத்த ஒரு பக்கத்தை லிங்க் போட்டுத் திறக்க முடிகிறதா என்று இரண்டையும் பாருங்கள்.